அடி வாங்கிய பிள்ளை அடிக்கத் தொடங்கும்போது

திருகோணமலை நகரில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 13 வயது, தரம் 8. வகுப்பில் நாலைந்து பெடியள் ஒரு வருடத்துக்கு மேலாக இவனைக் குறிவைத்திருக்கிறார்கள். பட்டப்பெயர் சொல்வது, கொப்பியை ஒளிப்பது, கன்டீன் காசைப் பறிப்பது, விளையாட்டில் சேர்க்காமல் விடுவது எல்லாம் நடந்திருக்கிறது. பிள்ளை வீட்டில் வாய் திறக்கவில்லை. போன மாதம் ரியூசன் வாசலில் அவர்களில் ஒருவனைத் தண்ணீர்ப் போத்தலால் அடித்துவிட்டான். புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாகிவிட்டது. பாடசாலை இவனை மட்டும் இரண்டு வாரம் வீட்டில் நிறுத்தியது. அடிபட்ட பிள்ளையின் தகப்பன் பொலிசுக்குப் போவேன் என்கிறார். இப்போது வீட்டில் தம்பிக்கும் அடி விழுகிறது. கணவர், "இப்பதான் ஆம்பிளைப் பிள்ளை மாதிரி நடந்திருக்கிறான்" என்கிறார். மாமியார், "இது இவன்ர அப்பப்பான்ர கோவம், ரத்தத்தில ஓடுது" என்கிறார். தாய் கேட்பது: இவன் ரவுடியாகப் போகிறானா, நாங்கள் என்ன செய்ய வேண்டும், பாடசாலையை மாற்றலாமா?

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் மகன் ரவுடியாகப் போகிறான் என்று சொல்ல, நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. ஒரு வருடம் துன்புறுத்தப்பட்ட பிள்ளை ஒருநாள் கை நீட்டியிருக்கிறான், அதுவும் வழியில் போன யாரையோ இல்லை, துன்புறுத்தியவர்களில் ஒருவனை. அதற்காக அடித்தது சரி என்றாகாது. போத்தல் இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் ஒரு பிள்ளையின் கண் போயிருக்கும். ஆனால் பாடசாலை அந்த ஒரு நிமிடத்தை விசாரித்திருக்கிறது, அதற்கு முந்திய ஒரு வருடத்தை விசாரிக்கவில்லை. எனக்கு இதில் ஆகக் கூடிய கவலை அதுதான். ஏன் என்று சொல்வதற்கு, இந்த விசயத்தில் ஆய்வாளர்கள் கண்டதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவரை மாணவர் துன்புறுத்துவதை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் டான் ஒல்வியஸ். 1970களில் சுவீடனில் தொடங்கி, பின்னர் நோர்வேயில் வேலை செய்தவர். நோர்வேயின் வடக்கே மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று பேச்சு எழுந்தது, 1983 இல் அந்த நாடு பாடசாலைகள் முழுவதும் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்த அறிவு ஒல்வியசுடையது. எது துன்புறுத்தல், எது வெறும் சண்டை என்று பிரிக்க அவர் மூன்று அடையாளங்கள் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாமல் இருப்பது. பலம் என்றால் உடம்புப் பலம் மட்டும் இல்லை. ஆள் எண்ணிக்கை, வாய்ச் சாமர்த்தியம், வகுப்பில் உள்ள செல்வாக்கு, ஏன், தகப்பனின் உத்தியோகம்கூடப் பலம்தான்.

உங்கள் மகனுக்கு நடந்ததில் மூன்றும் இருக்கின்றன. ரியூசன் வாசலில் நடந்ததை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் உங்கள் மகன் அடித்தவன், மற்றவன் அடிபட்டவன். ஒரு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு.

ஆத்திரம் எல்லாம் ஒரே சாதி இல்லை. 1987 இல் கெனத் டொட்ஜ், ஜோன் கோயி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பிள்ளைகளின் வன்முறையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று சீண்டலுக்குப் பதிலாகப் பொங்கி வருவது. முகம் சிவக்கும், கை நடுங்கும், பிறகு பிள்ளையே அழும். மற்றது காரியம் சாதிக்கச் செய்வது. அதில் கோபமே இருக்காது. காசு வேண்டும், பெயர் வேண்டும், நாலு பேர் சிரிக்க வேண்டும், அதற்காக நிதானமாகச் செய்வது. உங்கள் மகனின் கன்டீன் காசைப் பறித்தவர்கள் செய்தது இரண்டாவது. உங்கள் மகன் செய்தது முதலாவது. பெரியவர்களின் கண்ணில் படுவது எப்போதும் முதலாவதுதான், ஏனென்றால் அதில் சத்தம் இருக்கிறது, இரத்தம் இருக்கிறது. இரண்டாவதைச் செய்கிற பிள்ளைகளில் பலர் ஆசிரியரிடம் மிகவும் மரியாதையாகக் கதைப்பார்கள். அவர்களில் மாணவத் தலைவர்களையும் கண்டிருக்கிறேன்.

சரி, துன்புறுத்தல் எப்படி ஆத்திரமாக மாறுகிறது? பழிவாங்கும் எண்ணம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிதான். டொட்ஜ் 1980 முதல் செய்த ஆய்வுகளில் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னச் சம்பவங்களைச் சொல்லிக் கேள்வி கேட்டார். நீ மைதானத்தில் நிற்கிறாய், பின்னால் இருந்து ஒரு பந்து வந்து முதுகில் அடிக்கிறது. எறிந்தவன் வேண்டுமென்று எறிந்தானா, தவறி வந்ததா? இப்படியான கேள்விகள். இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்ளக்கூடிய சம்பவம். சட்டென்று கை நீட்டும் பிள்ளைகள், "வேணுமெண்டுதான் எறிஞ்சவன்" என்ற பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். கூட்டாளிகளால் ஒதுக்கப்பட்டு, அடிபட்டு வளரும் பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு கூடிக்கொண்டு போகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

ஒரு வருடம் யோசித்துப் பாருங்கள். பின்னால் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது உங்கள் மகனின் அனுபவம். அது பிரமை இல்லை, அவன் வகுப்பில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பழக்கம் வகுப்போடு நிற்காது, வீட்டுக்கும் வரும். தம்பி பென்சிலைக் கேட்காமல் எடுத்தால் அதுவும் சீண்டலாகத் தெரியும். தம்பி சின்னவன், திருப்பி அடிக்க மாட்டான். வகுப்பில் காட்ட முடியாத கோபம் அங்கே இறங்குகிறது. நித்திரையும் இதில் சேர்கிறது. நாளைக்குப் பாடசாலையில் என்ன நடக்குமோ என்று பயந்து படுக்கிற பிள்ளை சரியாகத் தூங்காது, தூங்காத பிள்ளைக்குப் பொறுமை இருக்காது.

இனி, பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை ஆகக் கூடுதலாக யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான், பெற்றோரும் ஆசிரியரும் ஆகக் குறைவாகப் பேசுவதும் இதைத்தான். கனடாவில் டொரொன்டோ பாடசாலை மைதானங்களில் ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கு மைக் பொருத்தி, தூரத்தில் இருந்து கமராவில் பதிவுசெய்து பார்த்தார்கள். 2001 இல் வெளியான அந்த ஆய்வில், துன்புறுத்தல் நடந்த சந்தர்ப்பங்களில் 88 வீதத்தில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் தலையிட்டது 19 வீதத்தில் மட்டும். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், 57 வீதத்தில், பத்துச் செக்கனுக்குள் துன்புறுத்தல் நின்றுபோனது. ஒரு பெடியன் "டேய் விடு, காணும்" என்று சொன்னால் பல தடவை போதும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 1996 இல் வகுப்புக்குள்ளே யார் யார் என்ன பாத்திரம் வகிக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். துன்புறுத்துபவன், துன்புறுத்தப்படுபவன் தவிர, துணைக்கு நிற்பவன், சிரித்து ஊக்கம் கொடுப்பவன், விலகிப் போகிறவன், பக்கம் நின்று காப்பவன் என்று ஒரு வகுப்பே இதற்குள் இருக்கிறது. பின்னர் பின்லாந்து நாடு முழுவதும் பரப்பிய கீவா என்ற பாடசாலைத் திட்டம் இந்தப் பார்வையில் இருந்துதான் வந்தது. துன்புறுத்துபவனை மட்டும் திருத்தப் பார்க்காமல், சிரிப்பவர்களின் சிரிப்பை நிறுத்தப் பார்க்கிறது அது. சிரிப்பவர் இல்லாவிட்டால் அங்கே காட்சியும் இல்லை.

உங்கள் மகனுக்கு இது எப்படிப் பொருந்துகிறது? இதுவரை அமைதியாக இருந்தவன் ஒருநாள் வெடித்துவிட்டான். இது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. இனி அவனைச் சீண்டுவதில் இரட்டைச் சுவை இருக்கும்: சூடேற்றலாம், சூடேறி அடித்தால் ஆசிரியரிடம் மாட்டிவிடலாம். சீண்டுபவன் மெல்லச் சீண்டுவான், இவன் பலமாக அடிப்பான், தண்டனை இவனுக்கு மட்டும் கிடைக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் "அவன் ஒரு சண்டைக்காரன்" என்ற பெயர் ஒட்டிவிடும். பிறகு நல்ல பிள்ளைகளும் விலகுவார்கள், தனிமை கூடும், தனித்து நிற்பவன் மீண்டும் இலக்காவான். துன்புறுத்தலுக்கும் ஆத்திரத்துக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப் பாதை இல்லை என்று சொல்வது இதனால்தான். துன்புறுத்தல் ஆத்திரத்தை வளர்க்கிறது, அந்த ஆத்திரமே அடுத்த துன்புறுத்தலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

அடியும் வாங்கி, அடிக்கவும் செய்கிற இந்தப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் தனிக் கூட்டமாகவே பார்க்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பாதிப்பில் முன்னுக்கு நிற்பவர்கள் இவர்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளைச் சிறுவயது முதல் இருபது வயது தாண்டும் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013 இல் வெளியானது. துன்புறுத்தப்பட்டவர்களிடம் பெரியவர்களான பிறகும் பதற்றக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. மற்றவர்களைத் துன்புறுத்த மட்டும் செய்தவர்களிடம் சமூக விரோத ஆளுமைக்கான, அதாவது மற்றவர் உரிமையையும் சட்டத்தையும் மதிக்காத குணம் ஊறிப்போவதற்கான, அபாயம் கூடியிருந்தது. இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம்தான் மனச்சோர்வும் பீதியும் ஆகக் கூடுதல். தற்கொலை எண்ணமும் அப்படித்தான். பாடசாலைகள் முதலில் கைகழுவி விடுவது இந்தப் பிள்ளைகளைத்தான். கோபமாக இருப்பவன் மீது யாருக்கும் இரக்கம் வருவதில்லை.

ரவுடி என்ற பயத்துக்கு நேரான எண் ஒன்றும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் மரியா டொஃபி, டேவிட் ஃபாரிங்டன் முதலியோர், பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2012 இல் கணக்குப் பார்த்தார்கள். பாடசாலையில் மற்றவர்களைத் துன்புறுத்திய பிள்ளை, சராசரியாக ஆறு வருடங்களுக்குப் பிறகு வன்முறையில் இறங்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கு அது மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கவனமாக வாசியுங்கள். துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் வன்முறையாளராகிறார் என்பதல்ல இதன் பொருள். சாதாரணமாக நூறில் ஆறு பேர் என்றால், அது எட்டுப் பேர் ஆகிறது என்பது மாதிரி. மிகப் பெரும்பாலானோர் அப்படி ஆவதே இல்லை. இன்னொன்றையும் பாருங்கள்: அடிபட்ட பிள்ளையின் தகப்பன் கவலைப்பட வேண்டியது உங்கள் மகனைப் பற்றி மட்டும் இல்லை, தன் மகனைப் பற்றியும்தான். நீண்ட கால அபாயம் அவனுக்குத்தான் கூட.

உங்கள் மாமியார் சொல்வதையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. முன்கோபத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அப்பப்பாவின் இரத்தம் 12 வருடம் அமைதியாக ஓடிவிட்டு, சரியாக ஒரு வருடத் துன்புறுத்தலுக்குப் பிறகு பொங்கியது என்றால், இரத்தத்தை விட வகுப்பறையை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

கணவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய தலையிடி. கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர் மகனைப் பாராட்டி ஆறுதல் சொல்லத்தான் பார்க்கிறார். ஆனால் பிள்ளை அதில் கேட்பது, 'ஒரு வருடம் நான் ஆம்பிளையாக இருக்கவில்லை' என்பதைத்தான். அடித்த பிறகுதான் அப்பா தன்னைப் பார்த்தார் என்று எடுத்துக்கொள்கிற பிள்ளை, அடுத்த தடவை போத்தலை முதலிலேயே எடுப்பான். "திருப்பி அடி" என்ற புத்திமதி நம்மூரில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒற்றைக்கு ஒற்றை நிற்கும் சண்டையில் அது சில நேரம் பலித்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து பேருக்கு எதிரே ஒருவன் நிற்கும்போது அது பலிப்பதில்லை.

திருகோணமலைக்கே உரிய சில விசயங்கள் இருக்கின்றன, அவற்றையும் சொல்லாமல் போக முடியாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் என்று பிரிந்துதான் படிக்கிறார்கள். இனம் மாறி ஒரு கைகலப்பு நடந்தால் பெரியவர்கள் அரைமணி நேரத்தில் கூடிவிடுகிறார்கள். பள்ளிவாசல், கோயில், பொலிஸ், எல்லாரும் வருவார்கள். ஒரே சமூகத்துக்குள் ஒரு பிள்ளையை ஐந்து பிள்ளைகள் வருடக்கணக்காக வதைத்தால் யாரும் கூடுவதில்லை. அதற்குள்ளே சொல்லப்படும் நக்கல்களும் நாம் பெரியவர்கள் கற்றுக் கொடுத்தவைதான்: சம்பூரில் இருந்து வந்தவன், கடற்கரைப் பிள்ளை, நிறம் குறைந்தவன், தகப்பன் வெளிநாட்டில் இருக்கத் தாய் தனியே வளர்க்கும் பிள்ளை, வாய் திக்குபவன். வீட்டில் பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பது அடுத்த நாள் இடைவேளையில் வேறு ஒரு பிள்ளையின் தலையில் விழுகிறது.

போரைக் காரணம் காட்டுவதும் இங்கே இலகு. 2004 சுனாமி, 2006 இல் மூதூர், சம்பூர் பக்கம் நடந்த சண்டையும் இடப்பெயர்வும் இந்த மாவட்டத்தை உலுக்கியவை, உண்மை. ஆனால் உங்கள் மகன் 2009 க்குப் பிறகு பிறந்தவன். போர் அவனிடம் வருவதென்றால் வீட்டு வழியாகத்தான் வர வேண்டும். வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2008 இல் வெளியானது. 82 வீதமானோர் போர்ச் சம்பவம் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். 95 வீதத்துக்கு மேற்பட்டோர் வீட்டில் ஏதோ ஒரு வடிவில் வன்முறையைக் கண்டோ பட்டோ இருந்தார்கள். தகப்பனின் குடிக்கும் பிள்ளை மீது விழும் அடிக்கும் தொடர்பு இருந்ததை அந்த ஆய்வாளர்கள் தனியே சுட்டிக் காட்டினார்கள். உங்கள் வீட்டைச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகனின் காசைப் பறித்த அந்த நாலைந்து பேரில் ஒருவனின் வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதையும் யாராவது கேட்க வேண்டும்.

பிரம்பும் இந்தக் கணக்கில் சேரும். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் சில இடங்களில் பிரம்பு மேசையில் இருக்கிறது. பலம் உள்ளவன் அடிக்கலாம், பலம் இல்லாதவன் வாங்க வேண்டும் என்று காலை ஏழரைக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு, பத்தரை மணி இடைவேளையில் பிள்ளைகள் அதைச் செய்துபார்த்தால் கூப்பிட்டு மறுபடி அடிக்கிறோம்.

பெண் பிள்ளைகள் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை, உங்கள் கேள்வி மகனைப் பற்றியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவர்களிடையே கையால் அடிப்பது குறைவு. பேசாமல் விடுவது, வட்சப் குழுவில் இருந்து நீக்குவது, கதை கட்டுவது என்று நடக்கும். கோபம் வெளியே வராமல் தன் உடம்பு மீதே திரும்பவும் கூடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் பிள்ளையோடு கதையுங்கள், ஆனால் எதிரே உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். இந்த வயதுப் பெடியள் முகம் பார்த்துக் கதைக்க மாட்டார்கள், பக்கத்தில் நடந்தால் கதைப்பார்கள். கணவரைப் பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். "ஏன் அடிச்சனி?" என்று தொடங்காமல், "இடைவேளையில ஆரோட இருக்கிறனி?" என்று தொடங்கலாம். "ஒருத்தரோடயும் இல்லை" என்ற பதில் வந்தால் அதுவே பெரிய தகவல். இரண்டு விசயத்தை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்: ஒரு வருடம் நீ பட்டது உன் பிழை இல்லை, போத்தலால் அடித்தது பிழை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் பலன் இல்லை.

பிறகு ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த மாதம், எந்த இடம், யார் யார், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எந்த ஆசிரியருக்குத் தெரியும். வாயால் சொல்வதைப் பாடசாலை மறந்துவிடும், கையெழுத்தும் திகதியும் வைத்துக் கொடுத்தால் மறப்பது கடினம். வகுப்பாசிரியரிடமும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் முதலில் போங்கள், பிறகு அதிபரிடம். அங்கும் நகராவிட்டால் வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது. சண்டை போடப் போக வேண்டாம், மகன் அடித்ததை மறைக்கவும் வேண்டாம். ஒரு வருடத்தையும் விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நாலைந்து பேரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இவனையும் அவர்களையும் ஒரே அறையில் இருத்திக் கைகுலுக்க வைப்பதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். பலம் சமமில்லாத இடத்தில் சமாதானக் கூட்டம் வைத்தால், அறைக்குள்ளே கைகுலுக்கல் நடக்கும், வெளியே வந்ததும் "போய்க் கோள் சொல்லிப்போட்டாய்" என்று தொடங்கும். இடைவேளையிலும், வகுப்பு மாறும் நேரத்திலும், பிள்ளைகள் வெளியேறும் வாசலிலும் ஒரு பெரியவரின் கண் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வகுப்பில் இவனோடு நிற்கக்கூடிய ஒரு பிள்ளையை ஆசிரியரே பார்த்து இவன் பக்கத்தில் இருத்தினால், அது பத்துப் புத்திமதிக்குச் சமம்.

பாடசாலைகளால் இதைக் குறைக்க முடியுமா என்று சலிப்போடு கேட்பவர்கள் உண்டு. முடியும். மேலே சொன்ன டொஃபியும் ஃபாரிங்டனும் இப்படியான திட்டங்களைத் தொகுத்துப் பார்த்து 2011 இல் சொன்னது, துன்புறுத்தல் சராசரியாக 20 முதல் 23 வீதம் வரை குறைகிறது என்று. அதிசயம் இல்லை, ஆனால் இரண்டு வாரம் வீட்டில் நிறுத்துவதை விட எவ்வளவோ மேல். வீட்டில் நிறுத்துவதால் அந்த வகுப்பில் என்ன மாறியது? இவன் திரும்பிப் போகும்போது அதே நாலைந்து பேர், அதே கதிரை.

ரியூசன் வாசல் தனிப் பிரச்சினை. பாடசாலை "எங்கட மதிலுக்கு வெளியே நடந்தது" என்கும், ரியூசன்காரர் "நான் பாடம் மட்டும்தான்" என்பார். பஸ்ஸும் அப்படித்தான். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருந்து வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்வது தெரியும். ரியூசன் ஆசிரியரிடம் நேரே போய், வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் வாசலில் நிற்கும்படி கேளுங்கள். மாதக் காசு வாங்குகிறவரிடம் இதைக் கேட்கலாம்.

அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒரு மூத்தவரைக் கூட்டிக்கொண்டு, கணவரும் நீங்களும் போங்கள், மகனை முதல் நாளே கொண்டுபோக வேண்டாம். காயத்துக்கு வருத்தம் சொல்லுங்கள், மருந்துச் செலவு ஏதும் இருந்தால் கொடுங்கள். ஆனால் அதற்குப் பதிலாக, பாடசாலையில் நீங்கள் கொடுத்த முறைப்பாட்டைக் கைவிடுவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். அந்தத் தகப்பன் பொலிசுக்குப் போனால் பயந்து ஒளிக்கவும் வேண்டாம். இலங்கையில் குற்றப் பொறுப்புக்கான வயது 2018 இல் 8 இல் இருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளை, தான் செய்ததன் தன்மையை விளங்கும் அளவுக்கு முதிர்ச்சி உள்ளவனா என்று நீதவான் பார்க்க வேண்டும். உங்கள் மகன் அந்த இடைவெளிக்குள் வருகிறான். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில்தான் கதைக்க வேண்டும், பெற்றோர் இல்லாமல் பிள்ளையை அனுப்பக் கூடாது. நீங்கள் எழுதி வைத்த அந்தக் கொப்பி அங்கே உதவும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பாடசாலையும் கேட்கவில்லை, பொலிசும் கேட்கவில்லை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். பிரதேச செயலகத்திலும் சிறுவர்களுக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் போய்ப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தம்பிக்கு அடிப்பதை வீட்டில் உடனே நிறுத்த வேண்டும், ஆனால் அவனை அடித்து நிறுத்தக் கூடாது. கை ஓங்கினால் இரண்டு பேரையும் பிரித்து வேறு வேறு இடத்தில் இருத்துங்கள். கோபம் இறங்கிய பிறகு, அன்றைக்கே கதையுங்கள். தம்பியையும் மறக்க வேண்டாம். ஏன் அண்ணன் இப்படி இருக்கிறான் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி அவனாக இருக்கலாம். மூத்தவனுக்கு உடம்பு களைக்கும் விளையாட்டு ஏதாவது நல்லது. கராத்தே பழக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பழக்குகிறவர் கோபத்தை அடக்கவும் கற்றுக் கொடுக்கிறவரா, மேடையில் ஓடு உடைத்துக் காட்டுகிறவரா என்று பார்த்துச் சேருங்கள். என்னைக் கேட்டால், புதிய கூட்டாளிகள் கிடைக்கிற கால்பந்துக் கழகம் ஒன்று அதை விட மேல். அவனுக்கு இப்போது தேவைப்படுவது அடிக்கும் திறமை இல்லை, கூட்டு.

சீண்டினால் என்ன செய்வது என்பதை வீட்டில் சொல்லிப் பழக்குங்கள். ஒரே ஒரு வசனம், "எனக்கு இது விருப்பம் இல்லை, விடு", அப்புறம் திரும்பி ஆட்கள் இருக்கும் பக்கம் நடப்பது. கேட்கும்போது லேசாகத் தெரியும், ஆனால் கோபம் ஏறிய நேரத்தில் புதிதாக யோசித்துச் செய்ய முடியாது, ஏற்கெனவே வாயிலும் காலிலும் பழகியதைத்தான் செய்ய முடியும்.

கீழே சொல்வதில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம்: சாவதைப் பற்றிக் கதைப்பது, தன்னைக் காயப்படுத்துவது, பையில் கத்தி, பிளேட் வைத்திருப்பது, நாய் பூனைகளை வதைப்பது, வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் போவது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. இரவு நேரம் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. "விசர் டொக்டரிட்டக் கொண்டுபோறியளோ" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும்.

கடைசியாக, பாடசாலையை மாற்றலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். விசாரணை முடியாமல் மாற்றினால், "அடித்தவன் ஓடிவிட்டான்" என்று அங்கே எழுதி முடித்துவிடுவார்கள், மகனும் அதையே நம்புவான். ஒரு தவணை கொடுத்துப் பாருங்கள். எழுத்தில் கொடுத்த பிறகும் பாடசாலை ஒன்றும் செய்யவில்லை, அல்லது பிள்ளை காலையில் வயிற்று வலி, தலையிடி என்று எழும்பவே மறுக்கிறான் என்றால் மாற்றுங்கள், அது தோல்வி இல்லை. மாற்றும்போது புதிய வகுப்பாசிரியரிடம் நடந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், ஊர் சொல்லி அவர் கேட்கக் கூடாது. ரியூசனையும் சேர்த்து மாற்றுங்கள். இந்த நகரத்தில் பாடசாலை எத்தனை இருந்தாலும் தரம் 8 கணிதத்துக்குப் பிள்ளைகள் போவது இரண்டு மூன்று இடத்துக்குத்தான், அந்த நாலைந்து பேரும் அங்கேதான் இருப்பார்கள்.